கையை நீட்டுங்க

ஹுன்னஸ்கிரிய,
6 ஒக்டோபர் 2024

தங்கச்சி றோசுக்கு,

நீ அனுப்பிய சுவரொட்டிக் கட்டு வந்து சேர்ந்தது. கட்டைப் பிரிக்காமல், வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் புருஷன் றெஜினோல்டின் முகத்தை எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சுவரில் ஒட்டுவதற்கு இந்தத் தடவை யாரும் பசை காய்ச்ச மாட்டார்கள்.

போனை ஏன் எடுப்பதில்லை என்று கேட்பாய். போனில் பேசியதை மறுநாள் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று சொல்லிவிடலாம். உன் வீட்டில் அதில் கைதேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார். ஆகவே எழுதுகிறேன். நீயும் எழுது. எழுத்து அழியாது.

செப்டெம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு நாங்கள் யாரும் போகவில்லை. வருகிற மாதம் பாராளுமன்றத் தேர்தலுக்கும் போக மாட்டோம். தோட்டத் தலைவராக இதை நான் சொல்கிறேன். நாளைக்கு ஊர் சொல்லும்.

இதைச் சொல்கிறவன் யார் என்று யோசித்துப் பார். இந்த மலையில் பிறந்து, இந்த மலையில் வேலை செய்து, முப்பத்தாறு வயது வரைக்கும் எந்த நாட்டுக்காரன் என்று தெரியாமல் இருந்தவன் நான். நம் அப்பா தெரியாமலே செத்தார். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்து, முதல் தடவை விரலில் மை வைத்த அன்று, வீட்டுக்கு வராமல் நேரே அப்பாவின் குழியடிக்குப் போய்க் கையைக் காட்டிவிட்டு வந்தேன். நீ அப்போது சின்னவள். "மண்ணுக்குக் கண்ணு இருக்கா அண்ணே?" என்று சிரித்தாய்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும், ஓட்டுப் போடுகிற ஸ்கூலுக்கு மேலே யூகலிப்டஸ் மரத்து வளைவில் நின்று, "கையை நீட்டுங்க" என்று ஒவ்வொருவர் விரலையும் பார்த்திருக்கிறேன். மை இல்லாதவரைத் திரும்பவும் மலை இறக்கியிருக்கிறேன். "போட்டேன் தலைவரே, மை அழிஞ்சிருச்சு" என்பார்கள். நான் வாய் சொல்வதைக் கேட்பதில்லை. விரலைத்தான் பார்ப்பேன். நம் மலைத் தொழிலாளர் கட்சி இந்தப் பக்கத்தில் நின்றது அந்த விரல்களால். உன் புருஷன் எம்.பி. ஆனதும் அந்த விரல்களால்.

அவர் போன தேர்தலில் இங்கே வந்து, அந்தோனியார் சுரூபத்தின் காலில் கை வைத்து, ஆறு மாதத்தில் ரோட்டைப் போட்டுத் தருவேன் என்றார். நான் கேட்காமலே சத்தியம் செய்தார். ரோடு வரவில்லை. இந்த வருஷம் மார்ச்சில் என் மருமகள் அஞ்சலாவுக்கு வலி வந்தபோது, அம்புலன்ஸ் உடைந்த பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். மழை. பாதி வழியிலேயே கதிரையில் இருந்து இரத்தம் சொட்டியது. பிள்ளை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை.

சத்தியம் செய்தவர் மலர்வளையத்தோடு வந்தார். எந்த ரோட்டில் வந்தார் என்று அவரையே கேள்.

இப்படிக்கு,
லோரன்ஸ்


கண்டி,
13 ஒக்டோபர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அவர் இரவில் நித்திரை கொண்டு எவ்வளவோ நாளாகிறது.

எந்த ரோட்டில் வந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். வாகனத்தைப் பாலத்தில் விட்டுவிட்டு, மழையில் நடந்து வந்தார் அண்ணா. சப்பாத்து முழுக்கச் சேறு. அதைப் பார்க்காமல் மலர்வளையத்தை எடுத்து வெளியே சாக்கடைக் கானோரத்தில் வைக்கச் சொன்னீர்கள். ஊர் முழுக்கப் பார்த்தது. நானும் பார்த்தேன். அஞ்சலாவின் கலியாண முக்காட்டுக்குப் பூ வேலை செய்தவள் நான். அவள் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை நின்று பார்க்கக்கூட எனக்கு விடவில்லை. அவரோடு சேர்த்து என்னையும் வெளியேற்றிவிட்டீர்கள்.

ரோட்டுக்கு அவர் அலையவில்லை என்று நினைக்க வேண்டாம். முதலில் கொரோனா; பிறகு நாட்டில் பெற்றோலே இல்லை. அரசாங்கக் கந்தோருக்குக் கந்தோர் கடதாசி கொண்டு திரிந்தார். கல்லுப் போட ஒதுக்கிய பணம் வேறெங்கோ போய்விட்டது. இது சாட்டு இல்லை. ஆனால் சத்தியம் செய்திருக்கக் கூடாது. அதை நான் அன்றைக்கே வாகனத்தில் வைத்து அவரிடம் சொன்னேன்.

இப்போது நிலைமையைச் சொல்கிறேன். போன தடவை பெரிய கட்சி தன் பட்டியலில் நமக்கு இடம் தந்தது; அந்த அலையில் வென்றோம். இந்தத் தடவை அவர்களே ஆடிப்போய் நிற்கிறார்கள். "உங்கள் ஆட்களால் எங்களுக்கு இனி வாக்கு வராது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். நாங்கள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திச் சின்னத்தில் தனியாக நிற்கிறோம். கண்டி மாவட்டத்தில் தோட்டத்து வாக்கு முழுக்க விழுந்தால் ஓர் ஆசனம் கிடைக்கும். முழுக்க என்றால் முழுக்கத்தான் அண்ணா. ஒரு தோட்டம் வீட்டில் இருந்துவிட்டால் அடுத்த தோட்டமும் இருந்துவிடும். "லோரன்ஸ் தலைவரே போகல்லையாம்" என்று இங்கே மார்க்கட்டில்கூடப் பேசிக்கொள்கிறார்கள்.

கோபம் என்றால் எதிராகப் போடுங்கள். அது எண்ணிக்கையில் வரும், அவருக்கும் உறைக்கும். வீட்டில் இருப்பவனின் கோபம் யாருக்கு அண்ணா கேட்கப்போகிறது? வராதவர்களைச் சோம்பேறிகள் என்றுதான் பேப்பரில் எழுதுவார்கள்.

பிறையன் என்ன சொல்கிறான்? செத்தது அவன் பெண்டாட்டி. நீங்கள் எழுதியதில் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

உங்கள் பேத்தி குட்டி நிலூஷாவுக்கு என் முத்தங்கள்.

அன்புத் தங்கை,
றோஸ்


ஹுன்னஸ்கிரிய,
23 ஒக்டோபர் 2024

தங்கச்சி,

எதிராகப் போடச் சொல்கிறாய். முப்பத்தைந்து வருஷம் ஒரே கட்சிக்குப் போட்ட கை வேறு கட்சிக்குப் போகாது. என் கை போகாது, என் ஆட்களின் கையும் போகாது. எதிராகப் போட்டால் கட்சியை விட்டு ஓடிவிட்டோம் என்றுதான் ஆகும். நாங்கள் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறோம். ஓடியது கட்சி.

வீட்டில் இருப்பவனின் கோபம் கேட்காது என்கிறாய். பெட்டியைத் திறக்கும்போது உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் கேட்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் தேர்தல் சட்டம், விகிதாசாரம், விருப்பு வாக்கு எல்லாம் பேப்பரை வைத்து நானே படித்துக்கொண்டவன். உன் புருஷனின் முதல் மேடைப் பேச்சை எழுதிக் கொடுத்ததே நான்தான். எனக்குக் கணக்குச் சொல்லாதே.

நேற்று செவ்வாய்க்கிழமை அந்தோனியார் பூசை. உனக்குத் தெரியும், செவ்வாய் என்றால் நம் ஆட்கள் மட்டும் இல்லை, இந்துக் கோயிலுக்குப் போகிறவர்களும் வந்துவிடுவார்கள். பூசை முடிந்ததும், நேர்ச்சைப் பாண் துண்டுகளைப் பங்கிடுவதற்கு முன்னால் நான் எழுந்து பேசினேன். ரோடு வரும்வரை இந்தத் தோட்டத்தில் ஒரு விரலிலும் மை இருக்கக் கூடாது என்றேன். ஒவ்வொருவராக வந்து சுரூபத்தைத் தொட்டார்கள். தேர்தலன்று நான் வளைவில் நிற்பேன், முன்பு மை இருக்கிறதா என்று பார்த்தேன், இப்போது இல்லையா என்று பார்ப்பேன் என்றேன். மை இருக்கிற கைக்கு அந்தோனியார் பாண் கிடையாது. அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போவதில்லை. அந்த வீட்டார் நம் வீட்டு வாசலை மிதிப்பதும் இல்லை.

தேயிலைக் கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு முன்னால் நிற்கிறவள் ராக்கம்மா. அவளை உனக்கு ஞாபகம் இருக்கும். அவள்தான் கேட்டாள்: "தலைவரே, இது ஒங்க வூட்டுக்கும் சேத்துத்தானே?"

"எங்க வூட்டுக்குத்தான் மொதல்ல" என்றேன்.

சிரித்தார்கள். அதன் பிறகு பாண் பங்கிட்டேன்.

பிறையனைக் கேட்டாய். அவன் சுரூபத்தைத் தொட வரவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு கதவோரத்தில் நின்றான். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"அவ செத்தது ஒங்க கட்சிச் சண்டைக்கு சாமானா போயிருச்சு. அவ பேரச் சொல்லி நீங்க ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். என்னைய விடுங்கப்பா" என்றான்.

"போடுவியா, மாட்டியா?"

"எனக்குப் புள்ளைக்குப் பால் கரைக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவ்வளவுதான் பதில். அத்தையின் பிடிவாதம் அவனுக்கு என்று நினைக்கிறேன்.

லோரன்ஸ்


கண்டி,
3 நவம்பர் 2024

அண்ணா,

நேற்று அவரோடு நானும் வந்திருந்தேன். உங்களுக்கு அது தெரிந்திருக்காது.

பாலத்தடியில் இறங்கி அவர் நடந்தார். முன்பெல்லாம் அந்த இடத்திலேயே தப்பு அடித்து, மாலை போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். நேற்று ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. லயத்து ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சாத்திய கதவுகளுக்கு ஐந்து நிமிஷம் பேசினார். "என் உறவுகளே" என்று ஆரம்பித்தார். பிறகு மைக்கை இறக்கிவிட்டார். கூட வந்த ஒருவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

நான் முன்னால் வரவில்லை, குடைக்குள் எல்லாருக்கும் பின்னால் நின்றேன். எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் வீட்டு ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. பிறையன் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டிருப்பான். கையைக் காட்டவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. நன்றாக மெலிந்துபோயிருக்கிறான் அண்ணா. மார்ச்சில்கூட அவனுக்குத் தலை இப்படி நரைக்கவில்லை.

உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? எனக்கும் பயமாக இருக்கிறது. உங்கள் தோட்டத்தைப் பற்றி மட்டும் இல்லை. எல்லா இடத்திலும் கூட்டத்துக்கு வருகிறார்கள், உட்காருகிறார்கள், சோற்றுப் பார்சலை வாங்குகிறார்கள். ஆனால் மேடையைப் பார்ப்பதில்லை. செத்த வீட்டில் சொந்தக்காரர் முகத்தைப் பார்க்காமல் இருப்பார்களே, அப்படி. கொழும்பில் புதிய கட்சி வந்திருக்கிறது. எல்லாரையும் கூட்டித் துடைக்கப்போகிறார்களாம். தோட்டத்துப் பெண்களே போனில் அதைத்தான் பார்க்கிறார்கள். அவருக்கு இதைச் சொன்னால், "லோரன்ஸ் மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் திரும்பிவிடும்" என்கிறார். இன்னமும் உங்களைத்தான் நம்புகிறார்.

நான் உங்கள் ஆட்களை நம்பவில்லை அண்ணா. அவருக்காகவும் இல்லை, உங்களுக்காகவும் இல்லை. வாயை மூடிக்கொண்டு இருக்கிறவர்கள் எல்லாரும் உங்களோடு இருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

றோஸ்


ஹுன்னஸ்கிரிய,
16 நவம்பர் 2024

றோசுக்கு,

முடிவு எல்லாம் வந்துவிட்டது. ரேடியோவில் கேட்டேன். உன் புருஷன் தோற்றுவிட்டார். அதற்காக எனக்குச் சந்தோஷம் இல்லை, துக்கமும் இல்லை.

என் ஆட்களை நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். தேர்தலன்று நடந்ததைக் கேள்.

மத்தியானமே வளைவில் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. துணைக்குப் பக்கத்து வீட்டுக் கணேஸ் வந்து நின்றான். லீவு நாள் என்பதால் பெண்களும், கூடவே ஆண்களும், அன்றைக்கே கிடைக்கிற கைக்காசுக்குக் கொழுந்தெடுக்க இறங்கியிருந்தார்கள். மூன்று மணிக்கு மேல் கூடையோடு மேலே வந்தார்கள். ராக்கம்மா முன்னால் வந்தாள்.

"கையை நீட்டுங்க" என்றேன்.

"பாத்துக்குங்க தலைவரே. மை இல்ல, கறைதான். இதுக்கும் பாண் இல்லன்னு சொல்லிராதீங்க" என்றாள்.

கொழுந்துக் கறையில் விரல் எல்லாம் கறுத்துக் கிடந்தது. அவளுக்குப் பின்னால் வந்த எல்லாருக்கும் அப்படித்தான். கறுத்த கைகள் ஒன்றன் பின் ஒன்றாக நீண்டன. ஊதா நிறத்தை ஓரிடத்திலும் காணவில்லை. அஞ்சலாவை நினைத்துக்கொண்டேன். ஒரு தோட்டமே உனக்காகக் கை கட்டி நின்றது பிள்ளை என்று மனதுக்குள் சொன்னேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் பிறையன் வந்தான். காலையில் இருந்து வீட்டில் இல்லை. டவுன் பக்கம் போய்விட்டு, ஸ்கூல் பாதையால் ஏறி வந்தான். பிள்ளை தோளில் நித்திரை. தூறலுக்காக அதன் முகத்தைத் துவாயால் மூடியிருந்தான். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"கையை நீட்டு."

"எதுக்குப்பா?"

"எல்லாரும் நீட்டுனாங்க. நீட்டு."

பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டு இடது கையை நீட்டினான். விரல் நுனியில் இருந்து கணுவரை ஊதா. நன்றாகவே தோய்த்துவிட்டிருந்தார்கள்.

ராக்கம்மா, "ஐயோ சாமி" என்றாள். கணேஸ் வேறு பக்கம் பார்த்தான்.  எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "எங்க வூட்டுக்குத்தான் மொதல்ல" என்று நான் சொன்னது அத்தனை பேர் முகத்திலும் இருந்தது.

"மை" என்றேன். "சட்டம் தெரியுந்தானே?"

 விரலை மடக்கினான். "நீங்கதான் பாத்துட்டீங்களே, அப்புறம் என்ன" என்றான். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் பால் மாப் பேணியையும் துணிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்குள் இறங்கிப் போய்விட்டான். நான் தடுக்கவில்லை. வளைவிலேயே நின்றேன். என்னைத் தாண்டித்தான் போனான்.

என் மகனிடம் இருந்து உன் புருஷனுக்கு ஓர் ஓட்டுக் கிடைத்தது. அவரிடம் சொல். பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

லோரன்ஸ்


கண்டி,
24 நவம்பர் 2024

அண்ணா,

இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நாங்கள் தோற்றதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஐந்து வீத வெட்டுப்புள்ளியைக்கூடத் தாண்டவில்லை. நாடு முழுக்கவே இந்தத் தடவை வாக்களிப்புக் குறைவு என்று செய்தியில் சொன்னார்கள். அவர் வாக்கு எண்ணிய கச்சேரியில் இருந்து தனியாக நடந்து வந்தார். பாதுகாப்புக்கு இருந்த பொலிஸ்காரர் அன்றைக்கே போய்விட்டார். இப்போது கதிரையை முற்றத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். அவ்வளவுதான்.

உங்கள் ஸ்கூலில் நம் கட்சிக்கு முகவராக உட்கார்ந்திருந்தவர் வீட்டுக்கு வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

உங்கள் தோட்டத்து ஆட்கள் ஓட்டுப் போட்டார்கள் அண்ணா. காலையிலேயே, நீங்கள் வளைவுக்கு வருவதற்கு முன்பே. ராக்கம்மாதான் முதலில் வந்தாளாம். போட்டுவிட்டு நேரே கொழுந்து மலைக்குள் இறங்கினார்கள். பச்சைக் கொழுந்தைக் கசக்கி விரலில் தேய்த்துக்கொண்டு, பொழுதுக்கும் கொழுந்தெடுத்ததை ஸ்கூல் ஜன்னலால் பார்த்தாராம். மை கறையோடு கறையாகப் போய்விட்டது. நீங்கள் பார்த்த கறுத்த கைகள் அவைதான். அந்தப் பக்கத்துப் பெட்டிகளை எண்ணியபோது கத்திக்கு விழுந்தது சொற்பம். எல்லாம் புதிய கட்சிக்குப் போயிருக்கிறது. எங்களைத் தோற்கடித்தது நீங்கள் இல்லை அண்ணா. வெறும் பெட்டியும் இல்லை. அவர்களுக்கு நம் கட்சி வேண்டாம். அதை நம் இரண்டு பேரிடமும் சொல்லப் பயந்திருக்கிறார்கள்.

பிறையன் வரவில்லை. முகவர் தன் வாக்காளர் இடாப்பில் வந்தவர்கள் பெயருக்குக் கோடு கிழித்துக்கொண்டே இருந்தார். பிறையன் பெயரில் கோடு விழவில்லை. "எம்.பி. ஐயாவோட மச்சான் மகன் வருவான்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன், வரல்ல" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்துக்கொண்டு திகனைக்குப் போனேன். பிறையன் அங்கே ரிஸ்மி என்பவரின் ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நிற்கிறான். கடைக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ரிஸ்மியின் மனைவி அஸீமாதான் பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். நான் போனபோது பிள்ளை அவள் மடியில் இருந்து அழுதது. வாயைத் திறந்ததும் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். நாக்கு, ஈறு, உதடு எல்லாம் ஊதா.

"பயப்படாதீங்க அன்ட்டி. புள்ளட வாயெல்லாம் வெள்ள வெள்ளயா புண்ணு. அதுக்குப் பூசுற மருந்து. இவர்தான் விரலால தொட்டுத் தொட்டுப் பூசுற. பாருங்க, அவர்ர விரலும் அப்பிடித்தான்" என்றாள்.

பிறையன் கடையில் இருந்து வந்தான். அதே இடது கை. அதே விரல்.

தேர்தலன்று தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டியிருந்ததாம். பிள்ளை முதல் நாளில் இருந்து பால் குடிக்கவில்லை. டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய், மருந்து வாங்கி, கடை வாசலிலேயே பூசியிருக்கிறான்.

"ஏன்டா அப்பாவிடம் சொல்லவில்லை?" என்று அடித்துவிட்டேன். அழுதுகொண்டே அடித்தேன்.

"அவரு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அத்த. அவரு கேக்கல. பாத்தாரு" என்றான்.

உங்கள் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றியவன் அவன் ஒருவன்தான், சுரூபத்தைத் தொடாமலே. அவனைத்தான் துரத்தியிருக்கிறீர்கள்.

நத்தாருக்கு முன்னால் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்கிறான். எங்கே என்று சொல்லவில்லை. நீங்கள் ஒரு தடவை திகனைக்கு வாருங்கள். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்தான். ஒன்றும் பேச வேண்டாம். வந்து நின்றால் போதும்.

றோஸ்


ஹுன்னஸ்கிரிய,
4 டிசம்பர் 2024

தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்ததும் டவுனுக்கு இறங்கிப் போனேன். மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். "ஓம், புள்ளையோட ஒருத்தர் வந்தாரு, இந்த வாசல்ல ஒக்காந்துதான் பூசினாரு, புள்ள கத்துன கத்துல ரோட்டுல போனவங்க எல்லாம் நின்டு பாத்தாங்க" என்றார். ரோட்டில் போனவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

அந்தச் செவ்வாய் பூசை முடிந்ததும் எழுந்து நின்றேன். பிறையன் ஓட்டுப் போடவில்லை, அவன் கையில் இருந்தது பிள்ளையின் மருந்து, பூத்தில் இருந்த முகவரே சாட்சி என்று சொன்னேன்.

 பின்னால் இருந்து கணேஸ், "எம்.பி. வூட்டு முகவரா தலைவரே?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ராக்கம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்று அமைதியாகச் சொன்னாள்: "வாய் சொல்றதக் கேக்கக் கூடாது, வெரலத்தான் பாக்கணும்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? நாங்க வெரலப் பாத்தோம். மகன்னா ஒரு நாயம், மத்தவங்கன்னா ஒரு நாயமா?"

அவள் கையைப் பார்த்தேன். அவள் ஒளிக்கவில்லை. மடியில் இருந்த கையை எனக்குத் தெரிகிற மாதிரி எடுத்து, முன்னால் இருந்த வாங்குப் பலகையின் மேல் வைத்தாள். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும்.

"சவர்க்காரம் போட்டுக் கழுவிட்டு வந்து காட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் லயம் முழுக்க வெளியே நிற்கும். பாண் வாங்க ஒரு கையும் மிஞ்சாது. அஞ்சலாவுக்காக ஒரு தோட்டம் கை கட்டி நின்றது என்பதும் பொய்யாகிவிடும். எனக்கு அந்த ஒன்று வேண்டும் றோஸ். அதை விட்டுவிட்டால் அந்தக் கதிரையில் இருந்து சொட்டியது மட்டும்தான் மிச்சம்.

மகனுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. அதனால் பிறையன் விரலுக்கு நடந்தது என் விரலுக்கும் நடக்கட்டும் என்று, மறுபடியும் டவுனுக்குப் போய் அதே மருந்தில் ஒரு போத்தல் வாங்கினேன். நேற்று செவ்வாய்க்கிழமை. பூசைக்குப் போகுமுன் இடது கை விரலை அதில் கணுவரை தோய்த்துக் காயவிட்டேன்.

பூசை முடிந்தது. இவ்வளவு காலமும் பாண் கூடையைப் பிடித்தவன் நான். நேற்று கூடையை எடுக்காமல் போய் வரிசையில் நின்றேன். கொஞ்ச நேரம் கூடை பீடத்தடியிலேயே இருந்தது. பிறகு ராக்கம்மா எழுந்து போய் அதை எடுத்தாள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் வந்ததும் கையை நீட்டினேன்.

அவள் விரலைப் பார்த்தாள். அது மருந்து என்று அவளுக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தலைவரே, ஏன் இப்பிடி" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். நான் கையை இழுக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கறுத்த கை கூடைக்குள் போனது. ஒரு துண்டை எடுத்தது. பிறகு அதை எனக்குப் பின்னால் நின்றவரிடம் கொடுத்தது.

சரியாகத்தான் செய்தாள். அவள் மேல் எனக்குக் குறை இல்லை.

இப்போது என் வீட்டு வாசலுக்கு யாரும் வருவதில்லை. நானும் ஒரு வாசலுக்கும் போவதில்லை. திகனைக்கும் வர மாட்டேன். ஞானஸ்நானத்தை அங்கேயே, எந்த மாதா கோயிலிலாவது கொடுக்கச் சொல். அவனை இங்கே வரச் சொல்லாதே. ரோடு போட்டால் அதில் வரட்டும். போடாவிட்டால் என்னைத் தூக்க நாலு பேர் வருவார்களா என்று தெரியாது. அதைப் பிறகு பார்க்கலாம்.

போத்தலில் அரைவாசிக்கு மேல் மருந்து மிச்சம் இருக்கிறது. இதோடு பஸ்ஸில் அனுப்பியிருக்கிறேன். அவனிடம் கொடு. யார் கொடுத்தது என்று சொல்லாதே.

பிள்ளைக்கு வாய் ஆறிவிட்டதா? பால் குடிக்கிறதா? அதை மட்டும் எழுது.

லோரன்ஸ்